விருப்பப் பாதை அல்ல

தங்கை தொலைபேசியில் கூப்பிட்டபோது கண்ணாடியம்மா தன் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒருவருடைய மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். புதிதாகப் போட்ட கண்ணாடி இடது பக்கம் சரிகிறது என்று வந்தவர் அவர்.

"அக்கா, உக்காந்திருக்கியா?" என்றாள் தங்கை.

"நின்னுட்டிருக்கேன். ஒருத்தர் மூக்கு என் கையில இருக்கு. சீக்கிரம் சொல்லு."

"எனக்குக் கல்யாணம்."

மூக்குக்காரர் "ஆ!" என்று அலறினார். கண்ணாடியம்மா அவருடைய மூக்கை விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

தங்கைக்கு ஐம்பத்திரண்டு வயது. மலைத்தொடருக்கு அந்தப் பக்கத்தில் மலையூரில் பள்ளிக்கூட ஆசிரியை. முப்பது வருஷமாக "எனக்குக் கல்யாணமெல்லாம் ஒத்துவராது" என்று சொல்லிக்கொண்டிருந்தவள். மாப்பிள்ளை அந்த ஊர்த் தபால் அலுவலகத்தில் பார்சல் எடை போடுகிறவர். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் பதிவு அலுவலகத்தில் நேரம் கொடுத்திருக்கிறார்களாம். பெண் பக்கத்தில் ரத்த உறவு ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அந்த நேரத்தைத் தவறவிட்டால் அடுத்த நேரம் மூன்று மாதம் கழித்துத்தான்.

"மூணு மாசம்தானே?" என்றார் கண்ணாடியம்மா.

"மூணு மாசத்துல இந்த மனுஷனுக்குப் புத்தி வந்துடுச்சுன்னா?" என்றாள் தங்கை.

அது நியாயமான கவலை. ரத்த உறவு என்று அந்தக் குடும்பத்தில் மிச்சமிருந்தது கண்ணாடியம்மா ஒருவர்தான். மலைப்பாதை மண் சரிந்து மூடிக்கிடந்தது. ரயிலில் சுற்றிக்கொண்டு போனால் ஐந்து நாள். ஆனால் கண்ணாடியம்மாவிடம் ஒரு விமானம் இருந்தது.

விமானம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நாலு பேர் முழங்கால் இடிக்க உட்காரலாம். அவரும் கணவரும் வயதான காலத்தில் கற்றுக்கொண்டு, உரிமம் வாங்கி, இருவருமாக ஓட்டிவந்த பழைய வண்டி. கடையில் நாளெல்லாம் பேசுகிறவர் கண்ணாடியம்மா, வாயைத் திறக்காமல் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவர் கணவர். மேலே போய்விட்டால் அது தலைகீழ். கண்ணாடியம்மா ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டுவார். வானொலியில் ஓடுதளத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்துடன் பேசுவது, பாதை கேட்பது, தாள்கள் நிரப்புவது எல்லாம் கணவர். பத்து மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்த நாற்காலியிலேயே அவர் போய்விட்டார். தேய்ப்பு இயந்திரம் சுற்றிக்கொண்டே இருந்ததால் கண்ணாடியம்மாவுக்கு வெகுநேரம் தெரியவில்லை.

அதற்குப் பிறகு மூன்று தடவை தனியாகப் பறந்திருக்கிறார். மூன்றும் வெயில் நாள். வானம் தெளிவாக இருந்தால் கண்ணால் பார்த்துக்கொண்டு இஷ்டப்படி போகலாம், யாரும் கேட்கமாட்டார்கள். இது மேகக் காலம். மலைமேல் மேகம் மெத்தை போட்டதுபோலக் கிடந்தது. மேகத்துக்குள் போவதானால் கண்ணை நம்பக்கூடாது, கருவிகளின் முட்களை மட்டும் பார்த்து ஓட்டவேண்டும். அதுவும் கண்ணாடியம்மாவுக்குத் தெரியும். ஆனால் அப்படிப் பறக்கிறவர்கள் வான்பாதை ஆணையம் சொல்லும் பாதையில்தான் கிளம்ப வேண்டும். எந்தப் பாதை என்பது கணவருக்குத் தெரிந்திருந்தது; அவர் காதுக்கருவியில் கேட்டு 'இடது', 'வலது' என்பார், முட்களை விட்டுக் கண்ணை எடுக்காமல் இவர் திருப்புவார்.

திங்கட்கிழமை காலை கடைக்கு விடுமுறைப் பலகை மாட்டிவிட்டு ஆணையத்துக்குப் போனார்.

ஆணையம் ஐந்து மாடி. மூன்றாம் மாடியில் 'விருப்பப் பாதைப் பிரிவு' என்று பலகை. இருபத்தேழு மேசைகள், இருபத்தாறில் ஆள். கவுன்டரில் இருந்தவர் பதினான்காம் எண் படிவத்தைக் கொடுத்தார். அதில் 'செல்ல விரும்பும் பாதை' என்று நாலு வரி இடம் விட்டிருந்தது. அவர் போக வேண்டிய ஊர் நேர் வடக்கே இருந்தது. கண்ணாடியம்மா 'நேர் வடக்கே' என்று எழுதிக் கொடுத்தார்.

கவுன்டர்காரர் தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, தாளின்மேல் சிவப்பு மையில் ஓர் எண் எழுதி, பக்கத்தில் முத்திரை குத்திக் கொடுத்தார். 'விருப்பப் பாதை அல்ல'. அந்த முத்திரையின் கட்டை தேய்ந்து, அவருடைய விரல்களின் அச்சு அதில் பள்ளமாகப் பதிந்திருந்தது.

"சரிங்க, எது விருப்பப் பாதை?"

"அதைச் சொல்ற அதிகாரம் எனக்கு இல்லைம்மா."

"யாருக்கு இருக்கு?"

"யாருக்கும் இல்லை. நீங்க எழுதினது தப்புன்னா தப்புன்னு சொல்றதுக்குத்தான் நாங்க இருக்கோம்."

"அப்போ வேற எழுதிக் கொடுக்கவா?"

"நாளைக்குக் கொடுங்க. ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு ஒண்ணுதான்."

கண்ணாடியம்மா அந்தத் தாளை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு வந்தார். எதையும் ஒரு தடவைக்கு மேல் தவறாகச் செய்வது அவருக்குப் பிடிக்காது.

செவ்வாய்க்கிழமை ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக ஒரு பாதை எழுதினார். வரைபடத்தை விரித்துவைத்து இரவு சாப்பாட்டைக்கூட மறந்து போட்ட பாதை. 'விருப்பப் பாதை அல்ல'. எண், முத்திரை, கையெழுத்து. இந்தத் தடவை அவர் கவுன்டரை விட்டு நகரவில்லை. கவுன்டர்காரருடைய கண்ணாடி வேறு மூக்கு நுனிவரை வழிந்து நின்றது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியவில்லை.

"கழட்டிக் கொடுங்க அதை" என்றார். பையிலிருந்து சின்னத் திருப்புளியை எடுத்து, காதுக் கம்பியை முடுக்கி, துடைத்து, மாட்டிவிட்டார். கவுன்டர்காரர் இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதன்முதலாகத் தலை குனிந்தும் கண்ணாடி விழாமல் எழுதிப் பார்த்தார். அந்த நன்றியில் அவரைப் பிரிவு அதிகாரியின் அறைவரை கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

பிரிவு அதிகாரி நல்ல மனிதர். நாற்காலி போடச் சொன்னார்.

"பாருங்கம்மா, உங்களை மாதிரிப் பொதுமக்கள் தெரிஞ்சுக்கணும்னுதான் நாங்களும் ஆசைப்படறோம். விருப்பப் பாதைகளையெல்லாம் சேர்த்துப் புத்தகமாவே போட்டிருக்கோம். அதோ."

சுவரோரத்தில் கண்ணாடி அலமாரி. உள்ளே நீல அட்டை போட்ட தடித்த புத்தகங்கள், நூற்றுக்கணக்கில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. அலமாரிக்குப் பூட்டு.

"ஒண்ணு எடுத்துப் பார்க்கலாமா?"

"பார்க்கலாமே. அங்கிருந்தே பாருங்க. பொதுமக்கள் பார்வைக்குன்னுதான் கண்ணாடிக் கதவு போட்டோம். முன்னாடி மரக் கதவா இருந்துச்சு."

"உள்ள என்ன எழுதியிருக்குன்னு பார்க்கணுங்க."

பிரிவு அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "ஒரு தடவை அப்படித்தான் வெளியில கொடுத்துப் பார்த்தோம். ஒரே வாரத்துல எல்லாரும் சரியா எழுதிக் கொண்டுவந்து நிக்கறாங்க! ஒரு தப்பு இல்லை. திங்கள்லேர்ந்து சனி வரைக்கும் இந்தப் பிரிவுல ஒருத்தருக்கும் வேலை இல்லை. இருபத்தேழு குடும்பம்மா. அப்புறம் வீடு வீடாப் போய்த் திருப்பி வாங்கிட்டு வந்தோம்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வெள்ளத்தில் பிள்ளைகளைக் காப்பாற்றியவரின் பெருமிதம் இருந்தது.

"உங்களுக்கு இதுல நிறைய ஆர்வம் இருக்கு" என்று அவரே தொடர்ந்தார். "நாளைக்கு ஒரு பயிலரங்கம் இருக்கு. 'உங்கள் பாதையை அறிந்து பறங்கள்'. வாங்க."

புதன்கிழமை கண்ணாடியம்மா இரட்டைக் குன்றின் பக்கமாக ஒரு பாதை எழுதிக் கொடுத்து, அது 'அல்ல' ஆனதும், பயிலரங்கத்துக்குப் போனார். மூன்று மணி நேரம். பயிற்றுநர் விருப்பப் பாதையை அறிவதன் முக்கியத்துவத்தைப் பற்றி முதல் ஒரு மணி நேரமும், அறியாமல் பறப்பதன் ஆபத்துகளைப் பற்றி அடுத்த ஒரு மணி நேரமும் பேசினார். எந்தப் பாதை என்று மட்டும் மறந்தும் சொல்லவில்லை. மூன்றாவது மணி நேரம் தேர்வு. ஒரே கேள்வி: 'நீங்கள் புறப்படும் இடத்தின் விருப்பப் பாதை உங்களுக்குத் தெரியுமா?'

கண்ணாடியம்மா 'தெரியாது' என்று எழுதினார். தோல்வி என்றார்கள்.

"தெரியும்னு எழுதியிருந்தா?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

"போன தடவை அப்படித்தான் எழுதினேன்" என்றார் அவர். "எப்படித் தெரிஞ்சுதுன்னு எட்டு மணி நேரம் விசாரிச்சாங்க."

தோல்வியடைந்தவர்களின் பெயர்களைப் பதிவேட்டில் ஏற்ற மறுபடி பிரிவு அதிகாரியிடம் வந்தபோது, அவர் ஒரு கோப்பைப் புரட்டிக்கொண்டே முகம் மலர்ந்தார்.

"அட, இதைச் சொல்லவே இல்லையே! உங்க வீட்டுக்காரர் எங்க பதிவேட்டுல 'அறிந்தவர்'னு இருக்கார். வருஷக்கணக்கா இந்தப் பாதையில போயிருக்கார். அவர்கிட்டயே கேட்டுக்கலாமே?"

"அவர் காலமாயிட்டார் சார். பத்து மாசம் ஆச்சு."

"ஓ." அதிகாரி உண்மையிலேயே வருத்தப்பட்டார். ஒரு நிமிடம் பேனாவைக்கூட மூடிவைத்தார். பிறகு இழுப்பறையைத் திறந்தார். "அதுக்கும் வழி இருக்கும்மா. 'அறிவு மாற்றப் படிவம்'. அறிந்தவர் அறியாதவருக்குப் பாதையைச் சொல்லிக் கொடுத்து, ரெண்டு பேரும் எங்க முன்னாடி கையெழுத்துப் போட்டாப் போதும்."

"ரெண்டு பேருமா?"

"அவர் நேர்ல வர முடியலைன்னா, ஏன் வர முடியலைன்னு அவர் கைப்பட ஒரு கடிதம்."

கண்ணாடியம்மா சிரித்தார். முதலில் இருமலைப் போலத்தான் வந்தது. அப்புறம் நிற்கவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். பத்து மாதமாக அவர் வீட்டில் கேட்காத சிரிப்பு. இருபத்தாறு மேசைகளும் திரும்பிப் பார்த்தன. வாழ்நாளில் நாலு வரிக்கு மேல் கடிதம் எழுதாத மனுஷர், மேலுலகத்தில் இருந்துகொண்டு, 'ஐயா, அடியிற்கண்ட காரணத்தால்' என்று தொடங்குவதைக் கண்ணாடியம்மாவால் நினைத்துப் பார்க்க முடிந்தது. இதைப் போய் முதலில் யாரிடம் சொல்லிச் சிரிக்கத் தோன்றியதோ அவர்தான் இல்லை. அது உறைத்ததும் சிரிப்பு நின்றது. படிவத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அன்று சாயங்காலம் தங்கை கூப்பிட்டாள். "புடவை எடுத்தாச்சு. நீ கிளம்பியாச்சா?"

"இன்னும் வழி சொல்லலை."

"யார்கிட்டயாவது கேளேன்!"

"கேட்டுட்டுத்தான்டி இருக்கேன். மூணு நாளா வேற வேலையே இல்லை."

வியாழக்கிழமை காலை மனம் ஒரு மாதிரியாக இருந்ததால் ஆணையத்துக்கு நேராகப் போகாமல் ஓடுதளத்துக்குப் போனார். வண்டியின் மின்கலத்தில் உயிர் இருக்கிறதா என்றாவது பார்ப்போம் என்று இடது பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வானொலியைத் திருகினார். கரகரவென்று சத்தம். பிறகு கோபுரத்தில் இருக்கும் பெண்ணின் குரல், பால் கணக்கு ஒப்பிப்பதுபோல:

"சரக்கு மூன்று, மலையூருக்கு உங்கள் பாதை. எழும்பி இடது பக்கம் திரும்பி ஏரி முனை, அங்கிருந்து சிமென்ட் ஆலை, அங்கிருந்து இரட்டைக் குன்று, அங்கிருந்து வடக்கே, ஏழாயிரம் அடி. திருப்பிப் படிங்க."

ஓர் ஆண்குரல் அதை வரி பிசகாமல் திருப்பிப் படித்தது. "சரியாப் படிச்சீங்க" என்றாள் அந்தப் பெண்.

கண்ணாடியம்மா அசையவில்லை. கால் மணி நேரத்தில் இன்னொரு விமானம் கேட்டது. அதே பாதை, அதே ஏரி, அதே சிமென்ட் ஆலை. அடுத்து இன்னொன்று. பூட்டிய அலமாரிக்குள் நீல அட்டைக்கு நடுவே இருக்கிற ரகசியத்தை, வானொலி வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் கேட்கும்படி, நாளெல்லாம் ஊதிக்கொண்டிருந்தார்கள். கண்பரிசோதனைச் சீட்டின் பின்பக்கத்தில் அதை எழுதிக்கொண்டார். ஏரி முனை ஊருக்குத் தெற்கே இருந்தது. வடக்கே போகிறவர்கள் முதலில் பதினைந்து மைல் தெற்கே போக வேண்டும். இதைத் தானாக யோசித்து எழுதுவதானால் ஏழு ஜன்மம் எடுத்திருக்க வேண்டும்.

மத்தியானம் பதினான்காம் எண் படிவத்தை நிரப்பிக் கவுன்டரில் வைத்தார். கவுன்டர்காரர் உள்ளே போனார். ஐந்தாவது நிமிடத்தில் வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது. பின்னால் பிரிவு அதிகாரி வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் பதினோரு பேர்.

"அம்மா, இது சரியா இருக்கு" என்றார் கவுன்டர்காரர், அண்டை வீட்டில் தீப்பிடித்த செய்தியைச் சொல்கிற குரலில்.

"நல்லதாப் போச்சு. முத்திரை குத்திக் கொடுங்க."

கவுன்டர்காரர் கையிலிருந்த முத்திரையைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். இழுப்பறையைத் திறந்து பார்த்தார். பிரிவில் ஒரே ஒரு முத்திரைதான் இருந்தது, அது 'அல்ல' என்றது. 'ஆம்' என்று சொல்லும் முத்திரை செய்யவே இல்லை. அது தேவைப்பட்டதில்லை.

ஐந்தாம் மாடியிலிருந்து விருப்ப இயக்குநரே இறங்கி வந்தார். கண்ணாடியம்மாவை எதிரில் உட்காரவைத்தார்கள்.

"உங்களுக்கு இது எப்படித் தெரிஞ்சுது?"

"நீங்கதான் சார் சொன்னீங்க. வானொலியில."

"அது கோபுரம். அது வாய்வழிப் பிரிவு. நாங்க எழுத்துப் பிரிவு. அவங்க சொல்றதை நாங்க கேக்கக்கூடாதுன்னு சுற்றறிக்கையே இருக்கு."

"அவங்க எல்லாருக்கும் சொல்லிட்டுத்தானே இருக்காங்க?"

"சொல்லலாம். ஆனா தெரிஞ்சுக்கக்கூடாது." இயக்குநர் சாய்ந்து உட்கார்ந்தார். குரல் இளகியது. "அம்மா, இந்தப் பாதை எவ்வளவு யோசிச்சுப் போட்டது தெரியுமா? எனக்கு முன்னாடி முன்னாடி இருந்த இயக்குநர் போட்டது. அவர் வீடு ஊருக்கு வடக்கே. மத்தியானம் ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் தூங்குவார். நேர் வடக்கே விமானம் போனா முழிச்சுப்பார். அதனால எல்லாரும் தெற்கே போய்ச் சுத்தி வரணும்னு கையெழுத்துப் போட்டார். இப்போ அந்த வீடும் இல்லை, அவரும் இல்லை. ஆனா அந்தத் தூக்கத்தை நாங்க இன்னிவரைக்கும் கலைக்கலை. ஒரு நிறுவனம்னா அதுதான்."

சுற்றி நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

படிவம் மேல்நடவடிக்கைக்காக வைத்துக்கொள்ளப்பட்டது. முத்திரை இல்லை, எண்ணும் இல்லை. வெறுங்கையோடு ஓடுதளத்துக்குத் திரும்பினார் கண்ணாடியம்மா. இனி வண்டிக்கு உறை போட்டுவிட்டு, தங்கைக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. உறையின் ஒரு முனையை அவர் இழுத்துக்கொண்டிருந்தபோது மறுமுனையை ஒருவர் வந்து பிடித்தார். காலையில் வானொலியில் கேட்ட குரல். சரக்கு விமானி, பெருத்த உடம்பு, ஓயாமல் எதையாவது மென்றுகொண்டிருக்கிற வாய்.

கதையை முழுக்கக் கேட்டுவிட்டு அவர் மெல்லுவதை நிறுத்தினார். "சரியா எழுதிக் கொடுத்தீங்களா? ஏன்க்கா அப்படிப் பண்ணினீங்க?"

"பின்னே?"

"எதையாவது கிறுக்கிக் கொடுக்கணும். அவங்க 'அல்ல'ன்னு குத்தி ஒரு எண் போட்டுக் கொடுப்பாங்க. அந்த எண்ணைக் கோபுரத்துல சொன்னா அவங்க சரியான பாதையைப் படிப்பாங்க. அவ்வளவுதான். கோபுரத்துக்கு எண் போதும், மேல என்ன குத்தியிருக்குன்னு அவங்க பார்க்கறதில்லை. நான் பதினாறு வருஷமா ‘நிலாவுக்கு’ன்னு எழுதிக் கொடுக்கறேன்."

கண்ணாடியம்மா உறையை விட்டுவிட்டார். "அப்போ அந்த 'அல்ல' தாள்..."

"அதுதான் அனுமதி. உங்ககிட்ட மூணு இருந்திருக்குமே?"

"கிழிச்சுப் போட்டுட்டேன்."

"இருந்தாலும் அன்னன்னிக்கு மட்டும்தான் செல்லும். உங்க வீட்டு சாரும் அப்படித்தான் பண்ணுவார். அவர் என்ன எழுதுவார்னு கவுன்டர்ல சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. 'என் மனைவி ஓட்டுகிற பக்கம்'னு எழுதுவார்."

கண்ணாடியம்மா சக்கரத்தின் பக்கத்தில் இருந்த மரக்கட்டையின்மேல் சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். சரக்கு விமானி உறையை மெதுவாக மடித்துக் கொண்டிருந்தார், அவசரமில்லாததுபோல.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கவுன்டர் திறந்தபோது முதல் ஆளாக நின்றார். ஒன்பதே காலுக்குள் கிளம்பினால்தான் பதினொரு மணிக்குப் போய்ச்சேர முடியும். படிவத்தில் 'நேர் வடக்கே' என்று எழுதியிருந்தார். திங்கட்கிழமை அல்ல ஆனது இன்றும் அல்லதானே.

கவுன்டர்காரர் சங்கடத்தோடு ஒரு சுற்றறிக்கையை நீட்டினார். முந்தின நாள் மாலை போட்டது. 'மேற்படி அம்மையார் அறிந்தவர் எனத் தெரியவருவதால், அவர் எழுதும் எந்தப் பாதையும் விருப்பப் பாதையாக இருக்கக்கூடும். எனவே அவருடைய படிவங்கள் நிராகரிக்கப்படாமல் மூன்று வார ஆய்வுக்கு அனுப்பப்பட வேண்டும்.'

"ஐயோ, இது தப்புங்க" என்றார் கண்ணாடியம்மா. "நேர் வடக்கே. நீங்களே தப்புன்னு சொன்னதுதான்."

"அப்போ நீங்க அறியாதவங்கம்மா. இப்போ அறிஞ்சவங்க சொல்றீங்கன்னா அதுல ஏதாவது இருக்கும்."

"நான் இன்னிக்கு இன்னும் கொடுக்கலைன்னு வச்சுக்கோங்க. வேற எழுதறேன்."

மேசையிலேயே நின்று எழுதினார். 'ஆணையக் கட்டடத்தை ஏழு முறை சுற்றி, ஐந்தாம் மாடி ஜன்னல் வழியாக நுழைந்து, படிக்கட்டு வழியாக இறங்கி, கவுன்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அங்கிருந்து வடக்கே.'

பிரிவு அதிகாரி அதை இரண்டு தடவை படித்தார். "படிக்கட்டு வழியா ஏன் இறங்கணும்? லிஃப்ட் இருக்கே" என்றார் யோசனையோடு. மற்றவர்களும் கூடிவிட்டார்கள். படிக்கட்டின் அகலத்தை அளந்துவர ஓர் ஆள் போனார். எட்டரை. இயக்குநர் இறங்கி வந்தார். தாளைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"இதுல ஒரு தொலைநோக்கு இருக்கு" என்றார். "வானத்தை அலுவலகத்துக்குள்ளயே கொண்டுவர்றது. இதை இத்தனை வருஷமா நம்மள்ல ஒருத்தர்கூட யோசிக்கலையே? ஒரு குழு போடுங்க."

கண்ணாடியம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டே முக்கால். அங்கே தங்கை இந்நேரம் தலையில் பூவை வைத்து, பிடிக்காமல் எடுத்து, மறுபடி வைத்துக்கொண்டிருப்பாள். இவர்களிடம் கெஞ்சிப் பிரயோசனமில்லை. இருபத்தெட்டு வருஷம் கடையில் நின்றவருக்கு ஆட்களின் கண்ணைப் பார்த்தால் என்ன கோளாறு என்று தெரியும். இயக்குநரின் கண்களை நன்றாகப் பார்த்தார். பிறகு, மிகுந்த பணிவோடு சொன்னார்:

"சந்தோஷம் சார். இந்தப் பாதை தனியார் விமானிங்க எல்லாருக்கும் ரொம்பப் பிடிக்கும்."

இயக்குநரின் கை நின்றது. "எல்லாருக்குமா?"

"ஆமா சார். ஒருத்தர் விடாம. இது வந்துட்டா ரொம்ப வசதின்னு சொல்லிட்டிருக்காங்க. நாளைக்கே எல்லாரும் வந்து நன்றி சொல்லுவாங்க."

"பொதுமக்களுக்கு வசதியா இருக்குமா?"

"ரொம்ப வசதியா இருக்கும்."

இயக்குநரின் கழுத்து மெல்லச் சிவந்து காதுவரை ஏறியது. "விருப்பம்னா யாருடைய விருப்பம்னு நினைச்சீங்க?" என்றார். "அவங்களுக்குப் பிடிச்சதை நாம விரும்ப ஆரம்பிச்சா, அப்புறம் நாம எதுக்கு?" கவுன்டர்காரரின் கையிலிருந்து முத்திரையைத் தானே பிடுங்கி, மையில் தோய்த்து, மேசை அதிரக் குத்தினார். ஒன்றல்ல, மூன்று தடவை.

"எண் போடுங்க சார்" என்றார் கண்ணாடியம்மா. "நிராகரிச்சதுக்கு எண் வேணும்."

எண்ணும் போட்டார். கண்ணாடியம்மா தாளை வாங்கிக்கொண்டு படிக்கட்டு வழியாகவே இறங்கி ஓடினார். வழியில் அதை அளந்துகொண்டிருந்தவர் ஒதுங்கி வழி விட்டார்.

ஒன்பது பத்துக்கு வண்டியில் உட்கார்ந்து, வலது பக்கத்துக் காலி இருக்கையில் மாட்டியிருந்த ஒலிவாங்கியை எட்டி எடுத்தார். அதைப் பிடித்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. தாளை மடியில் விரித்துவைத்துக்கொண்டார். எண்ணைச் சொன்னார்.

சிறிது நேரம் கரகரப்பு. பிறகு அந்தப் பெண் கேட்டாள்: "இந்த வண்டியில உங்க குரலைக் கேட்டதில்லையே. எப்பவும் சார்தானே பேசுவார்?"

"அவர் இப்போ இல்லைம்மா."

வரிசையில் காத்திருந்த வேறொரு விமானம் 'நான் அப்புறம் பேசறேன்' என்று ஒதுங்கிக்கொண்டது.

"எங்களுக்குத் தெரியாதுங்க" என்றாள் அவள், பால் கணக்குக் குரல் போய், சாதாரணக் குரலில். "எழுதிக்கறீங்களா? நிதானமாப் படிக்கறேன்."

ஏரி முனை. சிமென்ட் ஆலை. இரட்டைக் குன்று. ஆணையம் அவசரமாக மாற்றிவிடுமோ என்று பயந்த பாதை ஓர் எழுத்தும் மாறவில்லை. எழுத்துப் பிரிவில் என்ன நடந்தாலும் வாய்வழிப் பிரிவுக்குத் தெரியாது. கண்ணாடியம்மா அதைத் திருப்பிப் படித்தார். நடுவில் ஒரு தடவை குரல் தடுமாறியது, சிமென்ட் ஆலையில். அழுவதற்குச் சற்றும் பொருத்தமில்லாத இடம்.

"சரியாப் படிச்சீங்கம்மா" என்றாள் அவள். "போயிட்டு வாங்க."

ஓட்டுவது அவருக்குத் தெரிந்த வேலை. பின்காற்றும் கூடவே வந்தது. மேகத்துக்குள் நுழைந்ததும் உலகம் பஞ்சாகிவிட்டது. முட்களைப் பார்த்துக்கொண்டு, யாரும் தூங்காத அந்த வீட்டைச் சுற்றிக்கொண்டு, இரட்டைக் குன்றைத் தாண்டி மேலே வந்தபோது வெயில் பளீரென்று முகத்தில் அடித்தது. பேசுவதற்கு வலது பக்கம் திரும்பினார். பேசவும் பேசினார். என்ன பேசினார் என்பது அந்த வண்டியோடு போகட்டும்.

மலையூர் ஓடுதளத்தின் வேலிக்கு வெளியே தங்கை பட்டுப்புடவையில் நின்றுகொண்டு கையை ஆட்டவில்லை, கடிகாரத்தைத்தான் ஆட்டிக் காட்டினாள். பத்து நாற்பத்தேழு. பக்கத்தில் பார்சல்காரர் வாடகைக் காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். தங்கை தொலைபேசியில் வர்ணித்திருந்த மீசையை எடுத்திருந்ததால் யாரோ போலிருந்தார்.

"எவ்வளவு நேரம்க்கா! எந்த வழியா வந்தே?" என்றாள் தங்கை, காருக்குள் அவரைத் தள்ளிக்கொண்டே.

"முதல்ல பதினஞ்சு மைல் உனக்கு எதிர்ப்பக்கமா வந்தேன்."

"உனக்கென்ன பைத்தியமா?"

"எனக்கில்லைடி" என்றார் கண்ணாடியம்மா. பார்சல்காரரை ஏற இறங்கப் பார்த்தார். அவர் மரியாதையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏங்க, இன்னும் பதிமூணு நிமிஷம் இருக்கு. புத்தி எதுவும் வந்துடலையே?"

"இதுவரைக்கும் இல்லைங்க" என்றார் மாப்பிள்ளை.

"அப்போ வண்டியை எடுக்கச் சொல்லுங்க."